மில்ஃபோர்ட் சவுண்டுக்கு குட்டி ப்ளேன்ல போயி போட் ஏறப் போறீங்களா, இந்தத் தவறுகளைப் பண்ணிராதீங்க

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் நெறைய வீட்ல புள்ளைங்க ஆஸ்திரேலியா, நியூசிலாந்துன்னு செட்டில் ஆயிட்டாங்க. டிசம்பர்ல இருந்து பொங்கல் முடியிற வரைக்கும் அப்பச்சி ஆத்தாளைக் கூட்டிட்டுப் போயி ஊரைச் சுத்திக் காட்டுறது இப்ப வழக்கமாயிருச்சு. அதுல நியூசிலாந்து போறவங்க எல்லாரும் ஆசைப்படுற ஒண்ணு, குயின்ஸ்டவுன்ல குட்டி ப்ளேன் ஏறி பனிமலைக்கு மேல பறந்து, செங்குத்து மலைக்கு நடுவுல கடல் உள்ள புகுந்திருக்குற மில்ஃபோர்ட் சவுண்ட்ல எறங்கி, போட்ல டாஸ்மன் கடல் வாசல் வரைக்கும் போயிட்டு, திரும்பவும் ப்ளேன்லயே வந்துர்ற டூர். நேரா போக ரோடு கிடையாது, தே அனாவ்ங்குற ஊரைச் சுத்தி, மலையைக் குடைஞ்ச ஹோமர் டனல் வழியா சுமார் 290 கிலோமீட்டர், ஒரு பக்கத்துக்கே நாலு மணி நேரம் ஆகும். ப்ளேன்ல 40 நிமிஷம் போதும். முட்டி வலி, இடுப்பு வலி உள்ள பெரியவங்களை வச்சுக்கிட்டு போட் நேரமும் சேத்து 12 மணி நேரம் பஸ்ல போயிட்டு வர முடியாதுன்னுதான் காசு கூட ஆனாலும் பரவாயில்லைன்னு ப்ளேன் போடுறாங்க. அது சரியான முடிவுதான், ஆனா போடுற விதத்துலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க.

முதல் தவறு, இதுதான் பெரிய தவறு, குயின்ஸ்டவுன்ல இருக்குற கடைசி நாள்ல இந்த டூரை வைக்கிறது. நம்ம ஆளுங்க பிளான் போடும்போது நல்லதை கடைசியா வச்சுக்குவோம்னு நெனைப்பாங்க, இல்லைன்னா ஏஜென்ட் குடுத்த பேக்கேஜ்ல குயின்ஸ்டவுனுக்கு ரெண்டே ராத்திரிதான் இருக்கும். இந்த ப்ளேனை டிக்கெட் கன்ஃபர்ம் ஆன ப்ளேன்னு நெனைக்கவே கூடாது. செங்குத்தான மலைக்கு நடுவுல பள்ளத்தாக்குக்குள்ள எறங்குற சின்ன ரன்வே அது, பைலட் கண்ணால பாத்துத்தான் ஓட்டணும், மேகம் எறங்கிட்டாலோ காத்து அடிச்சாலோ ரத்துதான், அதுவும் காலைல நீங்க கெளம்பி நிக்கும்போதுதான் சொல்லுவாங்க. அவங்களைக் கோவிச்சுக்கக் கூடாது, ரத்து பண்றதுதான் உங்க உசுருக்குப் பாதுகாப்பு. நீங்க செய்ய வேண்டியது, குயின்ஸ்டவுன் போயி எறங்கின மறுநாள் காலைலயே டூரை வச்சுட்டு, அடுத்து ஒரு நாளோ ரெண்டு நாளோ சும்மா விட்டு வைக்கிறது. ரத்தானா தேதியை மாத்திக்கலாம்.

இதோட ஒட்டின இன்னொரு தவறு, குயின்ஸ்டவுன் வானத்தைப் பாத்து முடிவு பண்றது. இங்க பளிச்சுன்னு வெயில் அடிக்குது, ஏன் ரத்து பண்றீங்கன்னு கவுன்ட்டர்ல சண்டை போடுறவங்க இருக்காங்க. நம்மூர்ல தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையில முட்டி கேரளாவுல கொட்டிட்டு, இந்தப் பக்கம் சிவகங்கை காஞ்சு கெடக்குமே, அதே கதைதான் அங்கயும். டாஸ்மன் கடல்ல இருந்து வர்ற ஈரக்காத்து மலையில முட்டி மேற்குப் பக்கமே எல்லாத்தையும் கொட்டிரும். மில்ஃபோர்ட்ல வருஷத்துக்கு 6 மீட்டருக்கும் மேல மழை, நம்ம மாவட்டத்துல ஒரு மீட்டர் பெஞ்சாலே நல்ல வருஷம். அதனால போன்ல வெதர் பாக்கும்போது நியூசிலாந்து வானிலை சேவையான மெட்சர்வீஸ்ல மில்ஃபோர்ட் சவுண்டுன்னு தனியாப் போட்டுப் பாருங்க.

அப்புறம், ப்ளேன் ரத்தாயிருச்சுன்னு மில்ஃபோர்டையே விட்டுட்டு கடைவீதி சுத்தப் போயிர்றது. இது எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா இருக்குற விஷயம், ஏன்னா மழை நாள்தான் அந்த எடத்துக்கே அழகு. வருஷம் பூரா ஓடுற பெரிய அருவி ரெண்டுதான், 162 மீட்டர் உயர லேடி போவன், அதைவிடக் கொஞ்சம் கம்மியான ஸ்டிர்லிங். மழை பெஞ்சா அந்தக் கருங்கல் செவுரு முழுக்க நூத்துக்கணக்குல புது அருவி எறங்கும், காத்தடிச்சா சிலது தரைக்கு வராம மேல்நோக்கிப் பறக்கும், நாலு நாள் வெயில் அடிச்சா அம்புட்டும் காணாமப் போயிரும். காட்டுல இருந்து வர்ற மழைத்தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல தனி அடுக்கா நின்னு கறுத்துத் தெரியும், வெளிச்சம் உள்ள போகாது, அதனாலதான் ரொம்ப ஆழத்துல வளர வேண்டிய கருப்புப் பவளம் அங்க மேலயே வளருது. ப்ளேன் இல்லைன்னா பஸ்ல போக முடியுமா, உடம்பு தாங்குமான்னு மொதல்லயே பேசி வச்சுக்கங்க. பெரியவங்களுக்கு முடியாதுன்னா தே அனாவ்ல ஒரு ராத்திரி தங்கிட்டுப் போங்க, அங்க இருந்து சுமார் 120 கிலோமீட்டர்தான். புக் பண்ணும்போதே ரெண்டு கேள்வி கேட்டுருங்க. ரத்தானா பணம் முழுசா வருமா, போகும்போது பறந்து போயி திரும்பும்போது மேகம் மூடிட்டா எங்களை பஸ்ல கொண்டாந்து விடுவீங்களா? ரெண்டுக்கும் பதிலை மெயில்ல வாங்கி வச்சுக்கணும்.

நேரத்தைப் பத்தி ஒண்ணு. குயின்ஸ்டவுன்ல இருந்து வர்ற பஸ்ஸெல்லாம் மதிய வாக்குலதான் மில்ஃபோர்ட் வந்து சேரும், அந்நேரம் போட்ல நல்ல கூட்டம். காலை ப்ளேன் எடுத்தா அதுக்கு முன்னாடியே போட் ஏறிறலாம்.

எடை விஷயத்துல வெக்கப்படாதீங்க. கவுன்ட்டர்ல ஒரு தராசு இருக்கும், ஸ்வெட்டர், கோட்டு, கைப்பை எல்லாத்தோடயும் ஏறி நிக்கச் சொல்லுவாங்க, எல்லாருக்கும் அதேதான். புக் பண்ணும்போது நம்ம ஆச்சிமாருக்காக பசங்க அஞ்சாறு கிலோ கொறைச்சுப் போட்டுர்றது உண்டு, அது தப்பு. பத்துப் பன்னெண்டு பேர் போற ப்ளேன்ல யாரு எங்க உக்காரணும்ங்குறதையே அந்தக் கணக்கை வச்சுத்தான் பைலட் முடிவு பண்ணுவார், அதனால புருஷன் பொண்டாட்டி பக்கத்துல உக்காரணும், பேரனை மடியில வச்சுக்கணும்னு அங்க நின்னு கேக்காதீங்க. பெரிய பையை ரூம்லயே வச்சுட்டு மருந்து, தண்ணி, கோட்டு மட்டும் எடுத்துக்கங்க. படி ஏற சிரமப்படுறவங்க இருந்தா புக் பண்றப்பவே சொல்லிருங்க, சின்ன ப்ளேன்ல படி குறுகலா இருக்கும், குனிஞ்சுதான் ஏறணும்.

உடுப்புல நடக்குற தவறு, சேலையோட செருப்பு போட்டுட்டுப் போறது. டிசம்பர் அங்க கோடைன்னு சொன்னதும் நம்மூரு சித்திரையை நெனைச்சுக்குறாங்க. போட் மேல்தட்டுல காத்து எலும்பைத் துளைக்கும், ஸ்டிர்லிங் அருவிக்குக் கிட்டக்க கொண்டு போறப்ப சாரல்ல தொப்பலா நனைஞ்சுருவீங்க. மழைக்கோட்டு, மூடின ஷூ, சாக்ஸ் கட்டாயம். சாக்ஸ் குளிருக்கு மட்டும் இல்லை, அங்க சாண்ட்ஃப்ளைன்னு ஒரு பொடி ஈ இருக்கு, கணுக்கால்தான் அதுக்கு இஷ்டமான எடம், கடிச்ச எடம் நாள்கணக்கா அரிக்கும். ஓடுற போட்ல தொல்லை இல்லை, போட் ஏறுற மேடையிலயும் கரையிலயும் நிக்கிறப்பதான் மொய்க்கும். எறங்குறதுக்கு முன்னாடியே விரட்டுற க்ரீமைத் தடவிக்கங்க.

வாந்தி மாத்திரையை தலை சுத்த ஆரம்பிச்சப்புறம் போட்டுப் புண்ணியமில்லை, கெளம்புறதுக்கு முன்னாடியே போடணும், பெரியவங்களுக்கு மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் குடுங்க, தூக்கம் வரும். மலைக்கு நடுவுல போறப்ப போட் ஆடாது, கடல் வாசல் கிட்ட வந்ததும் நல்லா ஆட்டும், அப்ப மாடிப்படியில யாரும் நடமாட வேணாம்.

பலகாரத்தை மறைக்காதீங்க. சம்புடத்துல தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை எல்லாம் கட்டிக் குடுக்காம நம்ம வீட்ல யாரும் அனுப்ப மாட்டாங்க, நல்லது, ஆனா நியூசிலாந்து ஏர்போர்ட்ல எறங்கும்போது சாப்பாட்டுப் பொருள் இருக்குன்னு டிக்ளேர் பண்ணியே ஆகணும். சொன்னா பாத்துட்டு ஆபத்தில்லாததைத் திருப்பிக் குடுப்பாங்க, சொல்லாம மாட்டுனா அந்த எடத்துலயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். தேன், பச்சைக் கறிவேப்பிலை, பழம் இதெல்லாம் வீட்லயே வச்சுட்டுப் போயிருங்க.

கடைசியா, மில்ஃபோர்ட்ல போன் சிக்னலை நம்ப முடியாது. போட் டிக்கெட், திரும்புற ப்ளேன் நேரம், கம்பெனி நம்பர் மூணையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க, அப்பச்சி கையில ஒரு தாள்லயும் எழுதிக் குடுத்துருங்க.