வெளிநாட்டு வங்கியில் சேமிப்பு, விலை இறங்கும் வீடு: பிரிட்டனில் இருப்போர் சரிபார்க்க வேண்டியவை

பிரிட்டனில் வீட்டு விலை இறங்கத் தொடங்கினால் இரண்டு பயங்கள் சேர்ந்தே வரும். அதிக வட்டிக்காக வெளிநாட்டு வங்கியில் போட்ட பணம் திரும்ப வருமா என்பது ஒன்று. வீட்டின் விலை மார்ட்கேஜ் கடனுக்கும் கீழே போய்விடுமா என்பது இன்னொன்று. 2008இல் இரண்டும் ஒன்றாக நடந்தன. 2007 இலையுதிர் காலத்து உச்சத்திலிருந்து 2009 தொடக்கத்துக்குள் வீட்டு விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. இடையில், 2008 அக்டோபரில் ஐஸ்லாந்தின் பெரிய வங்கிகள் விழுந்தன.

அந்த அக்டோபரை முதலில் புரிந்துகொள்ளுங்கள். நல்ல வட்டி கொடுத்த ஐஸ்சேவ், ஐஸ்லாந்தின் லான்ட்ஸ்பாங்கி வங்கியின் பிரிட்டன் கிளை. கிளை என்பதால் முதல் 20,887 யூரோவுக்கு ஐஸ்லாந்தின் டெபாசிட் காப்புத் திட்டமே பொறுப்பு. அந்தத் திட்டத்தில் போதிய பணம் இல்லை. பிரிட்டன் அரசு தலையிட்டு முழுத் தொகையையும் கொடுத்ததால்தான் மக்கள் தப்பினார்கள். அதே வாரம் விழுந்த காப்திங் எட்ஜ், இன்னொரு ஐஸ்லாந்து வங்கியான காப்திங்கின், பிரிட்டனிலேயே பதிவான துணை நிறுவனத்தின் கணக்கு. அதன் வாடிக்கையாளர்களின் பணம் ஐ.என்.ஜி. டைரக்டுக்கு மாற்றப்பட்டது. அதே குழுமத்தின் ஐல் ஆஃப் மேன் வங்கியில் போட்டவர்களோ பிரிட்டனின் காப்புக்கு வெளியே நின்று, நீண்ட காலம் காத்திருந்தார்கள். வங்கி எந்த நாட்டுக்காரருடையது என்பதைவிட, உங்கள் கணக்கு எந்த உரிமத்தின் கீழ், எந்த நாட்டின் காப்பில் இருக்கிறது என்பதே பணத்தின் கதியைத் தீர்மானித்தது.

இன்று பிரிட்டனில் அந்தக் காப்பு எஃப்.எஸ்.சி.எஸ். எனும் நிதிச் சேவை இழப்பீட்டுத் திட்டம். 2025 டிசம்பர் 1 முதல் ஒருவருக்கு, ஒரு வங்கி உரிமத்துக்கு 1,20,000 பவுண்டு வரை. அதற்கு முன் 85,000. கூட்டுக் கணக்கில் இருவருக்கும் தனித்தனி வரம்பு உண்டு, ஆக 2,40,000. பிரெக்சிட்டுக்குப் பிறகு ஐரோப்பிய வங்கிகளின் பிரிட்டன் கிளைகளில் உள்ள டெபாசிட்டும் இந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டது. நம்மவர்கள் அதிகம் வைத்திருக்கும் ஐ.சி.ஐ.சி.ஐ. பேங்க் யூ.கே., ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியா யூ.கே. ஆகியவை இங்கே பதிவான நிறுவனங்கள், இதே காப்பு அவற்றுக்கும் உண்டு.

ஆனால் அதே வங்கியின் இந்தியக் கிளையில் உள்ள, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகள் முற்றிலும் வேறு. அவற்றுக்கு இந்தியாவின் டெபாசிட் காப்பீட்டு நிறுவனமான டி.ஐ.சி.ஜி.சி.யின் காப்பு மட்டுமே: ஒருவருக்கு, ஒரு வங்கிக்கு, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய். அந்த வங்கியின் எத்தனை கிளைகளில் பிரித்து வைத்தாலும் வரம்பு ஒன்றுதான். லண்டன் கணக்கும் சென்னைக் கணக்கும் ஒரே பெயர்ப் பலகையின் கீழ் இருப்பதால் ஒரே காப்பு என்று நினைப்பது இங்கே பரவலாக நடக்கும் தவறு.

சரிபார்க்கும் முறை இது. வங்கியின் இணையப் பக்கத்தின் அடியில் அதன் சட்டப் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பக்கத்தில் உள்ள இணைப்பை அழுத்தாமல், நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்.சி.ஏ. அமைப்பின் பதிவேட்டு முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போய் அந்த எண்ணைத் தேடுங்கள். உண்மையான வங்கியின் பெயரையும் எண்ணையும் திருடி நடத்தும் போலித் தளங்கள் இருக்கின்றன. போலியிடம் போன பணத்துக்கு எஃப்.எஸ்.சி.எஸ். பொறுப்பேற்காது. பதிவேட்டில் உள்ள தொலைபேசி எண்ணும் இணைய முகவரியும் நீங்கள் பார்த்த தளத்தோடு ஒத்துப்போக வேண்டும். நிறுவனத்துக்கு வங்கிகளின் கண்காணிப்பு அமைப்பான பி.ஆர்.ஏ.வின் அனுமதி இருக்கிறதா, டெபாசிட் பெற உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். ‘மின்பண நிறுவனம்’ என்று இருந்தால் அது வங்கி இல்லை. பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைப்பார்கள், அவ்வளவுதான். அது திவாலானால் பணம் வரத் தாமதமாகும், பிரித்துக் கொடுக்கும் செலவையும் அதிலிருந்தே கழிக்கலாம்.

அதே பதிவேட்டில் ‘வர்த்தகப் பெயர்கள்’ என்ற பகுதியையும் விடாமல் பாருங்கள். ஹாலிஃபாக்சும் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தும் ஒரே உரிமம். ஃபர்ஸ்ட் டைரக்டும் எச்.எஸ்.பி.சி. யூ.கே.வும் அப்படியே. இரண்டிலும் லட்சம் லட்சமாகப் போட்டால் காப்பு 1,20,000க்குத்தான். பல வங்கிகளின் கணக்குகளை ஒரே இடத்தில் காட்டும் சேமிப்புத் தளங்கள் வழியாகப் போட்டால், பின்னால் இருக்கும் வங்கி எது என்று பார்த்து, அங்கே நேரடியாக வைத்திருப்பதையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

சேர்ந்த வட்டியும் வரம்புக்குள் அடங்க வேண்டும். ஓராண்டு 5 சதவீதம் என்றால் 1,14,000 பவுண்டு போடுங்கள், முடிவில் 1,19,700 ஆகும். மொத்தம் 1,20,000ஐயும் போட்டால் வட்டி முழுவதும் காப்புக்கு வெளியே நிற்கும். வரம்புக்கு மேல் பணம் உள்ளவர்களுக்கு, பிரித்துப் போடச் சலிப்பாக இருந்தால், அரசின் சேமிப்பு நிறுவனமான என்.எஸ். அண்ட் ஐ. இருக்கிறது. அரசுக் கருவூலமே முழுத் தொகைக்கும் பொறுப்பு. வட்டி சற்றுக் குறைவாக இருக்கலாம். நிம்மதிக்கு அந்த விலை கொடுக்கலாம் என்பதே எங்கள் எண்ணம்.

வீடு விற்ற பணம் கையில் இருப்பவர்கள்தான் பெரிய ஆபத்தில் இருக்கிறார்கள். விலை இன்னும் இறங்கட்டும், பிறகு வாங்கலாம் என்று விற்றுவிட்டு வாடகைக்குப் போனால், 3 லட்சமோ 4 லட்சமோ ஒரே கணக்கில் கிடக்கும். இதற்குத் தற்காலிகக் கூடுதல் காப்பு உண்டு: 14 லட்சம் பவுண்டு வரை, 6 மாதத்துக்கு. நீங்கள் குடியிருந்த வீட்டின் பணமாக இருக்க வேண்டும். வாடகைக்கு விட்ட வீட்டை விற்றதற்குக் கிடையாது. விற்பனை முடிந்தபோது சொலிசிட்டர் தந்த கணக்கு அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள், அதுதான் ஆதாரம். பணம் வந்த நாளிலிருந்து ஐந்தாவது மாதத்துக்கு நாட்காட்டியில் குறி போட்டு, அதற்குள் பிரித்துவிடுங்கள். சொலிசிட்டரின் வாடிக்கையாளர் கணக்கில் பணம் இருக்கும் நாட்களில் அது எந்த வங்கி என்று கேளுங்கள். அதே வங்கியில் உங்களுக்கும் சேமிப்பு இருந்தால் இரண்டும் ஒரே வரம்புக்குள் சேரும்.

சேமிப்பும் மார்ட்கேஜும் ஒரே வங்கியில் இருந்தால், வங்கி விழும்போது கடனுக்குச் சேமிப்பைக் கழித்துவிடுவார்களோ என்ற அச்சம் 2008இல் நியாயமானது. 2010 டிசம்பர் 31 முதல் எஃப்.எஸ்.சி.எஸ். கடனைக் கழிக்காமல் சேமிப்பைத் தனியாகக் கொடுக்கிறது. கடன் மட்டும் அப்படியே இருக்கும், தவணையை நிறுத்தக்கூடாது.

இனி வீடு. 3,00,000 பவுண்டு வீட்டை 10 சதவீத முன்பணத்தில் வாங்கினால் கடன் 2,70,000. விலை 15 சதவீதம் இறங்கினால் வீடு 2,55,000, கடன் அதைவிட 15,000 அதிகம். இது காகிதத்தில் கண்ட நட்டம். விற்க வேண்டிய கட்டாயமும் தவணை கட்ட முடியாத நிலையும் சேர்ந்தால்தான் அது கையை விட்டுப் போகும். ஆகவே விலையை நாள்தோறும் பார்ப்பதைவிட, ஆறு மாதத் தவணையை உடனே எடுக்கக்கூடிய கணக்கில் வைப்பது பயன் தரும்.

நிலையான வட்டிக் காலம் முடியும் தேதியைப் பாருங்கள். விலை இறங்கிய நேரத்தில் வேறு வங்கிக்கு மாறப் போனால் வீட்டைப் புதிதாக மதிப்பிடுவார்கள், அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இருக்கும் வங்கியிலேயே வேறு வட்டித் திட்டத்துக்கு மாறுவது பெரும்பாலும் எளிது, வருமானச் சோதனையைக்கூடப் பல வங்கிகள் செய்வதில்லை. காலம் முடிய சில மாதங்கள் இருக்கும்போதே கேட்டு வட்டியைப் பிடித்து வையுங்கள்.

கடன் வீட்டு மதிப்பில் எத்தனை சதவீதம் என்பதைப் பொறுத்து, வட்டி விகிதம் 60, 75, 80, 85, 90 சதவீதம் என்ற படிகளில் மாறும். வீடு 2,35,000, கடன் 1,80,000 என்றால் நீங்கள் 76.6 சதவீதத்தில் இருக்கிறீர்கள். 3,750 பவுண்டு கூடுதலாகக் கட்டினால் 75க்கு வந்துவிடுவீர்கள். நிலையான வட்டிக் கடன்களில் பொதுவாக ஆண்டுக்கு 10 சதவீதம் வரை அபராதமின்றிக் கட்டலாம். ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படித்த பிறகே பணத்தை அனுப்புங்கள். அவசரத்துக்கு வைத்த ஆறு மாதப் பணத்தைத் தொட்டு இதைச் செய்யாதீர்கள், கடனில் கட்டியதைத் திரும்ப வாங்குவது கடினம்.

ஒரு சிறு வேலை மிச்சம். வங்கி விழுந்தால் எஃப்.எஸ்.சி.எஸ். வழக்கமாக 7 நாட்களுக்குள், நீங்கள் விண்ணப்பிக்காமலே பணம் தரும். அதற்கு வங்கியின் ஏட்டில் உள்ள பெயரையும் முகவரியையும்தான் நம்பும். வீடு மாறியவர்கள் பழைய சேமிப்புக் கணக்குகளில் முகவரியை மாற்றினீர்களா என்று இன்றே பாருங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். தந்தை பெயரை ஒரு கணக்கில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் எழுதி வைத்திருப்பது நம்மவர்களிடம் சகஜம்.