மூன்று குவியல்: மானாவாரி வீட்டில் விதையையும் சாப்பாட்டையும் காப்பாற்றுவது எப்படி

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து மானாவாரி நிலத்துக்கு வருடத்தில் ஒரு போகம்தான். புரட்டாசியில் புழுதியில் விதைத்து, ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியிருந்து, தையில் அறுப்பு. 2016-இல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62% குறைந்தது; 2017 ஜனவரியில் அரசு வறட்சி அறிவிக்க வேண்டியதாயிற்று. அப்படி ஒரு போகம் போனால் கஷ்டம் ஒரு வருடத்துக்கு. விதையையும் பொங்கித் தின்றுவிட்டால் அடுத்த வருடம் மழை கொட்டினாலும் விதைக்குக் கடன்தான். ஆகவே தானியம் களத்தில் கிடக்கும்போதே மூன்றாகப் பிரித்துவிடுங்கள்: சாப்பாட்டுக்கு, விதைப்புக்கு, முதலில் விதைத்தது கருகினால் மறுவிதைப்புக்கு. பலரும் விட்டுவிடுவது மூன்றாவதைத்தான்.

முதலில் கணக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 2 கிலோ தானியம், மாதம் 60 கிலோ. மிக ஏழை வீடுகளுக்கான அந்தியோதயா அட்டைக்கு ரேஷனில் 35 கிலோ அரிசி வந்தால், மீதி 25 கிலோவை வீடுதான் பார்க்க வேண்டும். வருடத்துக்கு 300 கிலோ. வரகும் குதிரைவாலியும் குத்தினால் பத்துக்கு ஆறு பங்குதான் அரிசியாகத் தேறும். எனவே உமியோடு 500 கிலோ வேண்டும். மொத்தத்தையும் குத்தி வைக்காதீர்கள். உமிதான் அதற்குச் சட்டை. குத்திய அரிசி சில வாரங்களில் காறல் அடிக்கும், வண்டும் விழும். மாதத் தேவைக்கு மட்டும் குத்துங்கள்.

விதை, ஏக்கருக்கு: குதிரைவாலி, வரகு 4 கிலோ, உளுந்து 8 கிலோ, புழுதி நெல் 30 முதல் 40 கிலோ. மறுவிதைப்புக் குவியலில் அதே பயிரை வைத்துப் பயனில்லை. பிந்தி விதைத்தாலும் எஞ்சிய ஈரத்தில் முடியக்கூடியது வேண்டும்: 70, 75 நாளில் வரும் பனிவரகு 4 கிலோ, 65 நாள் பாசிப்பயறு 8 கிலோ. கொள்ளுக்கு நூறு நாள் ஆனாலும் மண்ணின் ஈரத்திலும் பனியிலுமே அது தாக்குப்பிடிக்கும். அதிலும் 8 கிலோ.

சேமிப்பு கெடுவது பெரும்பாலும் சரியாகக் காயவைக்காததால்தான். விரற்கடை கனத்துக்குப் பரப்பி, அரை மணிக்கொரு தடவை காலால் கிளறிவிடுங்கள். விதைக் குவியலை உச்சி வெயிலில், 12 முதல் 3 மணி வரை, நிழலுக்கு மாற்றுங்கள். தார்ச்சாலையில் விதையைக் காயப்போடவே கூடாது; அந்தச் சூட்டில் முளை வெந்துவிடும். காய்ந்ததா என்று பல்லால் கடித்துப் பார்ப்பது ஒரு வழி. அதைவிட நம்பகமானது உப்புச் சோதனை: வெயிலில் நன்றாகக் காயவைத்த தூள் உப்பையும் ஒரு கைப்பிடி தானியத்தையும் ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூடி, சில நிமிடம் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். இன்னும் காய வேண்டும். ஒட்டாவிட்டாலும் விதைக்கு மேலும் ஒரு நாள் வெயில் நல்லது. கட்டுவதற்கு முன் இரவு முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்து, மூடியின் அடியில்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும்.

பூஞ்சணம் பிடித்ததைக் கழுவிச் சமைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பூஞ்சணம் விட்ட நஞ்சு கொதியில் போகாது. வரகில் இன்னும் கவனம் வேண்டும். முற்றிய கதிர் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்தால் தின்றவருக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கரில் 10 யானைகள் செத்ததற்குக் காரணமாகச் சொல்லப்பட்டதும் இப்படிக் கெட்ட வரகுதான்.

பாத்திரம் எதுவானாலும் காற்றுப் புகக்கூடாது என்பதே விதி. ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் டிரம் போதும். பூச்சிமருந்தோ ரசாயனமோ இருந்த டிரம் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். விளிம்பு வரை நிரப்பி, மூடி விளிம்பில் சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டுங்கள். உள்ளே மெழுகுவத்தி ஏற்றி மூடுவது பார்க்க நன்றாக இருக்கும், பலன் கொஞ்சம்தான்: மெழுகுவத்தி அணைந்த பிறகும் வண்டு மூச்சுவிடக் காற்று மிச்சமிருக்கும். அந்தக் காற்றை வண்டே குடித்துத் தீர்த்துச் சாக வேண்டும். அதற்குச் சில வாரம் திறக்காமல் இருப்பதுதான் மருந்து. ஆகவே சாப்பாட்டுக் குவியலைப் பெரிய டிரம்மில் போட்டு தினமும் திறக்காமல், ஒரு மாதத்துக்கு ஒரு பாத்திரமாகப் பிரித்து வையுங்கள். சிறு விதைக்குக் காய்ந்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே போதும்.

பயறு வகைக்குத் தனிக் கவனம். வண்டு வீட்டில் மட்டும் வருவதல்ல. வயலிலேயே நெற்றின் மேல் முட்டை வைத்துவிடும். ஒரு கிலோவுக்கு 5 மில்லி சமையல் எண்ணெயைக் கையில் தேய்த்துப் பிசறினால் முட்டை பொரிக்காது. எண்ணெய்க்கு வழியில்லையா, சலித்து ஆறவைத்த அடுப்புச் சாம்பல் போதும்: நாலு படி பயற்றுக்கு மூன்று படி சாம்பல், கலந்து அமுக்கி, மேலே இரண்டு விரற்கடைக்கு வெறும் சாம்பல். கொஞ்சம் தூவினால் போதாது. பயற்றுக்கு இடையில் வண்டு நடமாட இடமே இருக்கக்கூடாது. நச்சுப்புகை விடும் மாத்திரையை வீட்டுக்குள் எந்தக் காரணத்துக்கும் போடாதீர்கள், ஆளைக் கொல்லும். விதைக்கு விஷமருந்தும் பூசி வைக்க வேண்டாம். பசி வந்தால் அதையும் யாராவது கழுவி உலையில் போடுவார்கள். 1971-72 குளிர்காலத்தில் ஈராக்கில் பாதரச மருந்து பூசிய விதைக் கோதுமையை ரொட்டி சுட்டுத் தின்று நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள்.

ஆவணியில் முளைப்புப் பாருங்கள். கலக்கிப்போட்டு எடுத்த 100 விதையை ஈரச்சாக்கில் சுருட்டி வைத்து, ஏழாம் நாள் எண்ணுங்கள். 80 முளைத்தால் வழக்கமான அளவு. 60 என்றால் 4 கிலோ போடும் இடத்தில் ஐந்தரைக் கிலோ. பாதிக்கும் கீழே போனால் அதைச் சாப்பாட்டில் சேர்த்துவிட்டு விதைக்கு வேறு வழி தேடுங்கள். இதைத் தெரிந்துகொள்ள ஆவணியை விட்டால் நேரமில்லை.

புழுதி விதைப்பில் எமன் முதல் தூறல். மேல்மண் மட்டும் நனைந்து விதை முளைத்து, அடுத்த பத்து நாள் வெயிலில் கருகும். சோளத்தை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்தால் சின்ன மழைக்கு அது அசையாது. குதிரைவாலிக்கு அந்த ஆழம் ஆகாது, ஒரு விரற்கடைதான். ஆபத்து அதற்கே கூடுதல். முளைத்த பின் வயலைக் குறுக்கே நடந்து பத்து இடத்தில் பாருங்கள். ஐந்துக்கு மேல் வெறுமையாக இருந்தால் காத்திருக்காமல் அடுத்த நல்ல மழைக்கே உழுது, மறுவிதைப்புக் குவியலை எடுங்கள். ஐப்பசிக்குள் பனிவரகோ பாசிப்பயறோ. கார்த்திகை பிறந்துவிட்டால் கொள்ளு மட்டும்.

கருகிய வயலில் மாட்டை அவிழ்த்துவிடுவது வழக்கம். சோளம் விதைத்த வயலில் மட்டும் அதைச் செய்யாதீர்கள். பூப்பதற்கு முன் வாடிக் குட்டையாக நிற்கும் சோளத்தில் விஷம் ஏறியிருக்கும். அடுத்த மழைக்குத் துளிர்த்த இளந்தழையில் இன்னும் அதிகம். தின்ற மாடு மூச்சுத் திணறிச் சற்று நேரத்தில் விழும். அறுத்து, வெயிலில் சருகாகக் காயவைத்த பிறகே போடுங்கள், அதுவும் வைக்கோலோடு கலந்து. ஆட்டுக்கும் இதேதான்.