கடற்படை தினத்துக்கு ஊரில் ஒரு கூட்டம் போடுவது எப்படி

டிசம்பர் 4 கடற்படை தினம். நேவியிலிருந்து வந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம், ஆனால் அன்றைக்கு என்ன செய்கிறோம் என்று பார்த்தால் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு கப்பல் படம், அதற்குக் கீழே நாற்பது ஜெய்ஹிந்த், அவ்வளவுதான். எங்கள் ஊரில் ஐந்து வருடமாக இப்போது சர்வீஸில் இருக்கிறவர்களையும் வெளியே வந்தவர்களையும் ஒரே மண்டபத்தில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுகிறோம். முதல் இரண்டு வருடம் சொதப்பல். அதில் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன், உங்கள் ஊரில் யாராவது தொடங்க நினைத்தால் உதவும்.

முதலில் தேதி. டிசம்பர் 4-ஆம் தேதியே வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். அன்றைக்குத்தான் சர்வீஸில் இருப்பவனுக்கு லீவே கிடைக்காது: கப்பலுக்கு விளக்குப் போடுவது, பெரிய அளவில் நடக்கும் செயல்விளக்கம் என்று வேலை தலைக்கு மேல் இருக்கும். அந்தச் செயல்விளக்கமும் இப்போதெல்லாம் ஊர் ஊராகப் போகிறது, 2023-இல் சிந்துதுர்க், 2024-இல் பூரி, 2025-இல் திருவனந்தபுரம். அதனால் நாலாம் தேதி கழிந்து வரும் ஞாயிறுதான் சரிப்படும். அப்போது லீவில் ஊருக்கு வந்திருக்கும் பையன் நாலு பேராவது அகப்படுவான். இன்னொன்று மழை. டிசம்பர் தொடக்கம் நமக்கு எப்படிப்பட்ட காலம் என்று சொல்ல வேண்டியதில்லை, 2023 கடற்படை தினத்தன்று மிக்ஜாம் புயலில் சென்னை முழங்கால் தண்ணீரில் நின்றது. மைதானத்தில் சாமியானா எல்லாம் வேண்டாம், காங்கிரீட் கூரை உள்ள சின்ன மண்டபம் பிடியுங்கள், அதுவும் தரைத்தளம். எழுபத்தொன்றில், அதாவது 1971 பாகிஸ்தான் போரில், இருபது வயசுப் பையனாக இருந்தவருக்கு இப்போது எழுபத்தைந்து, அவரால் மாடி ஏற முடியாது.

ஆளைக் கண்டுபிடிப்பது நினைப்பதைவிட எளிது. ராணுவ கேன்டீன் வரிசையில் இரண்டு நாள் நின்றால் மாவட்டத்தில் பாதிப்பேரைப் பார்த்துவிடலாம், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இசிஹெச்எஸ் பாலிகிளினிக்கில் மீதிப்பேர். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போன் எண்களைக் கேட்காதீர்கள், ஒரு நோட்டீஸ் ஒட்டிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். மகன் கப்பலில் இருக்கிறான் என்றால் அவனுடைய அப்பா அம்மாவைக் கூப்பிடுங்கள். இதை நாங்கள் மூன்றாம் வருடம்தான் யோசித்தோம், அந்த வருடம்தான் மண்டபம் நிறைந்தது. மகன் எந்த மாதிரி இடத்தில் தூங்குகிறான், என்ன சாப்பிடுகிறான் என்று கேட்க அவர்களுக்கு வேறு ஆளே கிடையாது.

அக்னிவீர் பையன்களையும் பெண்களையும் தனியாகத் தேடிக் கூப்பிடுங்கள். கடற்படையில் முதல் அணி 2023 மார்ச்சில் ஒடிசாவின் சில்கா தளத்தில் பயிற்சி முடித்து வந்தது. நான்கு வருடம்தான் சேவை, அதில் நூற்றுக்கு 25 பேர் வரைதான் தொடர முடியும். மீதிப்பேர் வெளியே வரும்போது பென்ஷன் கிடையாது. துறைமுகத்திலோ, கப்பல் கட்டும் தளத்திலோ, மின்நிலையத்திலோ வேலையில் இருக்கும் பழைய ஆள் ஒருவரின் பக்கத்தில் அவர்களை உட்கார வைத்தாலே கூட்டம் போட்டதற்கு ஒரு பிரயோஜனம் உண்டு.

இனி உட்கார வைக்கும் விஷயம். என்னைக் கேட்டால் கூட்டத்தில் மற்ற எதைக் கோட்டைவிட்டாலும் இதை விடக்கூடாது. முதல் வருடம் முன்னால் சோபா போட்டோம், கமாண்டர் சார், லெப்டினன்ட் சார், பிறகு மாஸ்டர் சீஃப், சீஃப், பிஓ (பெட்டி ஆபீசர்) என்று பதவி வரிசைப்படி நாற்காலி. பின்வரிசையில் பையன்கள் எல்லாம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முன்வரிசை கொட்டாவி விட்டது. இப்போது கப்பல் வரிசைப்படி உட்கார வைக்கிறோம். ஒவ்வொரு மேஜையிலும் ஓர் அட்டையில் கப்பல் பெயர்: ராஜ்புத், விராட், கோதாவரி. ஒரே கப்பலில் வேறு வேறு காலத்தில் இருந்தவர்கள் ஒரே மேஜைக்கு வருகிறார்கள். கமாண்டரும் அங்கேதான். கப்பல் ஒத்துவராதவர்களுக்குப் பிரிவு வாரியாக மேஜை, என்ஜின் பார்க்கும் ஸ்டோக்கர் ஒன்று, கம்யூனிகேஷன் ஒன்று, குக்கும் ஸ்டூவர்டும் ஒன்று. சப்மரைன் ஆட்கள் எப்படியும் தனியாகத்தான் உட்காருவார்கள், விட்டுவிடுங்கள்.

எங்கள் கூட்டத்தில் விக்ராந்த் மேஜைதான் எப்போதும் கடைசியாக எழும். பழைய விக்ராந்த் 1961-இல் சேர்ந்து 1997-இல் ஓய்வுபெற்ற விமானந்தாங்கிக் கப்பல், புதியது 2022 செப்டம்பரில் கொச்சியில் சேர்ந்தது. பெயர் ஒன்று, கப்பல் இரண்டு. போன வருடம் பழைய கப்பலில் இருந்த ஒரு சீஃப், புதிய கப்பலில் இருக்கும் பையனிடம் கேட்ட முதல் கேள்வி ரேடாரைப் பற்றியோ விமானத்தைப் பற்றியோ இல்லை. "தண்ணி எத்தனை மணிக்கு விடுறாங்க?" பையன் முழித்தான், எப்போதும் வருமே சீஃப் என்றான். அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஒரு வாளியில் குளித்து அதே தண்ணீரில் துணி துவைத்த கதையைத் தொடங்கினார். சாப்பாடு ஆறிப்போனது, இரண்டு பேரும் எழவில்லை. எந்தச் சிறப்புரையாலும் இதைச் செய்ய முடியாது.

மேடை நிகழ்ச்சி நாற்பது நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. கண்டிப்பாக. அரசியல்வாதி வேண்டாம், பொன்னாடை வேண்டாம், ஒரே ஒரு பேச்சு போதும், அதுவும் எழுபத்தொன்றைப் பற்றி. பேசுகிறவர் தப்பாகப் பேசாமல் இருக்க விஷயத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், ஏனென்றால் வருடாவருடம் யாராவது ஒருவர் டிசம்பர் 4 கடற்படையின் பிறந்தநாள் என்று சொல்லிவிடுகிறார். பிறந்தநாள் இல்லை. 1944-இல் அக்டோபர் 21 அன்று கடற்படை தினத்தை முதலில் கொண்டாடினார்கள், அது வெள்ளைக்காரன் டிரஃபால்கர் கடற்போரில் வென்ற நாள். எழுபத்தொன்று போருக்குப் பிறகுதான் டிசம்பர் 4 என்று ஆனது. அன்று இரவு நிபாத், நிர்காட், வீர் என்ற மூன்று ஏவுகணைப் படகுகள் கில்டன், கச்சால் ஆகிய இரண்டு கப்பல்களின் துணையோடு கராச்சி வரை போய், கைபர் என்ற நாசகாரிக் கப்பலையும் முஹாஃபிஸ் என்ற கண்ணிவெடி வாரும் கப்பலையும் ஒரு சரக்குக் கப்பலையும் மூழ்கடித்துவிட்டு ஆள் சேதம் இல்லாமல் திரும்பின. படகு அணிக்குத் தலைமை கமாண்டர் பப்ரு பான் யாதவ், மகாவீர் சக்ரா வாங்கியவர். இதற்கு ஆபரேஷன் டிரைடன்ட் என்று பெயர். கராச்சியை விக்ராந்த் தாக்கியது என்று மைக்கைப் பிடித்துச் சொல்கிறவரைப் பார்த்திருக்கிறேன். விக்ராந்த் அப்போது வங்காள விரிகுடாவில், சிட்டகாங், காக்ஸ் பஜார் பக்கம் நின்றது.

வெற்றியோடு பேச்சை முடிக்காதீர்கள். ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் நம் குக்ரி கப்பல் மூழ்கியது. பாகிஸ்தான் நீர்மூழ்கியான ஹங்கோர் விட்ட டார்பிடோ. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் உயிரிழந்தார்கள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் மௌனம். அதற்கு முன், கப்பலில் கட்டளை ஊதும் போசன் விசிலில் 'ஸ்டில்' (அசையாமல் நில்), பின்னால் 'கேரி ஆன்' (வேலையைத் தொடர்). சீமேன் பிரிவில் இருந்த யாரிடமாவது அந்த விசில் பீரோவில் கிடக்கும், ஆனால் முதல் நாளே ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் அண்ணன் ஒருவர் நேராக மேடையில் எடுத்து வாயில் வைத்தார், பல்செட் இடுக்கில் காற்றுப் போய்விட்டது, புஸ் என்று ஒரு சத்தம்தான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. பல்செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி ஊதினார், அப்போது வந்தது பாருங்கள்.

கேக் வெட்டுவதென்றால் மிக மூத்தவரும் மிக இளையவரும் ஒரே கத்தியைப் பிடித்து வெட்டட்டும். முதல் துண்டு யாருக்கு என்று சண்டை வராது, ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொள்வார்கள்.

பேனர் அடிப்பவரிடம் கொடி விஷயத்தில் கவனம். இணையத்தில் தேடினால் சிவப்புச் சிலுவை போட்ட பழைய கொடிதான் முதலில் வருகிறது. 2022 செப்டம்பர் 2-ஆம் தேதியோடு அது போய்விட்டது. இப்போது வெள்ளைத் துணி, மேல் மூலையில் தேசியக் கொடி, பறக்கும் பக்கத்தில் சத்ரபதி சிவாஜியின் முத்திரையை ஒட்டிய நீல எண்கோணம், அதற்குள் நங்கூரம். எங்களுக்கு ஒரு வருடம் பத்தடி பேனரில் பழைய கொடி வந்து, காலை ஏழு மணிக்குக் கறுப்புத் துணி தேடி ஓடினோம். இன்னொன்று, கடற்படைக் கொடியை நாமே வாங்கிக் கம்பத்தில் ஏற்றக்கூடாது, அது கப்பலுக்கும் தளத்துக்கும் உரியது. தேசியக் கொடி போதும். உடுப்பும் அப்படித்தான், ஓய்வுபெற்றவர் யூனிஃபார்ம் போட வேண்டாம், கோட்டில் இடப்பக்கம் மெடல் குத்திக்கொண்டால் அதுவே கம்பீரம்.

கடலோர ஊராக இருந்தால் மலர்வளையம் விடலாம். பிளாஸ்டிக் வளையம் வாங்காதீர்கள், வைக்கோல் பிரியில் செவ்வந்தியை வாழைநாரால் கட்டச் சொல்லுங்கள். கரையில் நின்று வீசினால் அலை திருப்பிக் கொண்டுவந்து காலடியில் போடும், எங்களுக்கு மூன்று தடவை போட்டது, பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நாட்டுப்படகில் அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போய் விட வேண்டும், அதற்கு ஒரு மீனவ அண்ணனிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள். புயல் எச்சரிக்கை இருந்தால் போகவே வேண்டாம், நேவிக்காரன் என்று கடலுக்குத் தெரியாது.

சாப்பாட்டுக்கு நாம் எல்லோரும் அறிந்த பெயர் பரா கானா. பதவி பார்க்காமல் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு என்பதால், பந்தியில் அதிகாரிகளையே பரிமாறச் சொல்லுங்கள், சந்தோஷமாகச் செய்வார்கள். மட்டன் பிரியாணி, சைவத்துக்குச் சாம்பார் சாதம், அப்புறம் பாயசம், இவ்வளவு போதும். சமையலுக்கு ஆள் வைத்தாலும் அண்டா பக்கத்தில் பழைய நேவி குக் ஒருவர் நாற்காலி போட்டு உட்காரட்டும், உப்பு சரியாக இருக்கும். கேன்டீன் ரம் மண்டபத்துக்குள் வரக்கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. பெண்கள் அடுத்த வருடமும் வர வேண்டுமென்றால் வேறு வழியில்லை. பணத்தைப் பொறுத்தவரை பென்ஷன்காரர்கள் ஒரு தொகை, அதிகாரிகள் அதைப்போல் இரண்டு மடங்கு, அக்னிவீரிடமும் கணவரை இழந்த அம்மாக்களிடமும் ஒன்றும் வாங்க வேண்டாம். மிச்சம் விழுந்தால் கொடிநாள் நிதிக்குக் கொடுத்துவிடலாம், டிசம்பர் 7 அதற்கான நாள்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஓரத்தில் ஒரு மேஜை, லேப்டாப், பிரின்டர், விவரம் தெரிந்த இரண்டு பேர். இது ஸ்பர்ஷ் மேஜை. பென்ஷன் எல்லாம் ஸ்பர்ஷ் என்ற இணையதளத்துக்குப் போனதிலிருந்து பாஸ்வேர்ட் மறந்தவர்களும், ஆதாரில் ஒரு பெயர், பிபிஓ என்ற பென்ஷன் ஆணையில் ஒரு பெயர் என்று மாட்டிக்கொண்டவர்களும், உயிர்ச்சான்று பதிவாகாமல் பென்ஷன் நின்றுபோன அம்மாக்களும் ஏராளம். அழைக்கும்போதே பிபிஓ, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஓடிபி வரும் போனைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள், அதைத்தான் மகன் வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள்.

ஒரு கண்டிப்பு பாக்கி. சர்வீஸில் இருக்கும் பையனிடம் கப்பல் எங்கே நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று கேட்கக்கூடாது, அவன் படத்தைக் கப்பல் பெயரோடு ஃபேஸ்புக்கில் போடவும் கூடாது. 2019 டிசம்பரில் உளவு விவகாரம் ஒன்று வெடித்து, கப்பலிலும் தளத்திலும் ஸ்மார்ட்போனுக்கும் ஃபேஸ்புக்குக்கும் தடை வந்தது நமக்கு நினைவிருக்கும். நம் பெருமைக்காக அவன் விசாரணையில் நிற்க வேண்டாம். மேஜை அட்டையையும் படம் எடுப்பதற்கு முன் கவிழ்த்துவிடுங்கள்.

கிளம்பும்போது வாசலில் ஒரு கோடு போட்ட நோட்டு வையுங்கள். பெயர், கப்பல், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, போன் எண். எண்பது தாண்டியவர்களுக்கு அவர் எண்ணோடு பக்கத்து வீட்டுக்காரர் எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் போன் பெரும்பாலும் சார்ஜில்தான் கிடக்கும், எடுக்கமாட்டார்.