கப்பல் தீவுல நிக்குது, இறங்கலாமா வேணாமா? மொத தடவை க்ரூஸ் போறவங்களுக்கு

போன ஞாயித்துக்கிழமை எங்க தெரு அக்கா ஒருத்தங்க கையில டிக்கெட் பிரிண்ட் அவுட்டோட வீட்டுக்கு வந்தாங்க. சிங்கப்பூர்ல ஏறி மலேசியாவுல இருக்கற பினாங்கு, தாய்லாந்துல இருக்கற புக்கெட்னு ரெண்டு தீவையும் பாத்துட்டு திரும்ப சிங்கப்பூர்லயே எறங்கற க்ரூஸ். "ரெண்டு எடத்துலயும் இறங்கியே ஆகணுமா கண்ணு, எனக்கு வேற முட்டி வலி, இறங்கலைன்னா கட்டுன காசு வீணாப் போயிருமே"ன்னு கேட்டாங்க. நாங்க இதே ரூட்டுல போயிட்டு வந்தவங்க, நான், வீட்டுக்காரர், பையன், எங்கம்மா நாலு பேர். சேலம் செவ்வாய்ப்பேட்டைல கொலுசுப் பட்டறை வச்சிருக்கோம், மார்கழியில கல்யாண ஆர்டர் இருக்காதுங்கறதால அப்பத்தான் போக முடிஞ்சது. அக்காவுக்கு தினசரி காலண்டர் தாள் பின்னாடி எழுதிக் குடுத்ததையே இங்க விவரமா எழுதறேன், ஏன்னா இந்த முடிவை சேலத்துல வீட்டுல உக்காந்து நிதானமா எடுக்கணும், கப்பல்ல காலைல எல்லாரும் பைய மாட்டிட்டு ஓடறப்ப எடுக்கக் கூடாது.

ஸ்டெப் 1: கப்பல் கரையை ஒட்டி நிக்குமா, நடுக்கடல்ல நிக்குமா?

மொதல்ல இதத்தான் பாக்கணும். உங்க ஷெட்யூல்ல ஊர் பேருக்குப் பக்கத்துல டெண்டர்னு (கப்பல்ல இருந்து கரைக்குக் கூட்டிட்டுப் போற சின்ன போட்) போட்டிருக்கான்னு பாருங்க, இல்லைன்னா புக் பண்ணுன ஆள்கிட்ட கேளுங்க. பினாங்குல கப்பல் ஜார்ஜ் டவுன் ஊரை ஒட்டியே ஸ்வெட்டன்ஹாம் பியர்ங்கற கப்பல் துறையில கட்டுவாங்க, கேங்வேன்னு சொல்ற எறங்கற பாலம் வழியா நடந்து வெளிய வந்தா ஊர்தான். புக்கெட்ல பெரிய கப்பல் நெறைய பட்டோங் பீச்சுக்கு எதிர்ல கடல்லயே நங்கூரம் போட்டு நின்னுரும், அங்கருந்து டெண்டர்லதான் கரைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அதே புக்கெட்லயே கிழக்குப் பக்கம் ஆவ் மக்காம்னு ஒரு துறைமுகம் இருக்கு, சில கப்பல் அங்க போய் கட்டும், அதனால ஊர் பேர மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க.

பியர்ல கட்டுனா பாதி கவலை இல்ல. அரை மணி நேரம் சும்மா இறங்கிப் பாத்துட்டு, வெயில் தாங்கலைன்னா திரும்பி ஏறிக்கலாம். டெண்டர்னா அப்படி மனசு மாத்திக்க முடியாது, போறதுக்கும் க்யூ, வர்றதுக்கும் க்யூ.

ஸ்டெப் 2: கையில நெசமா எத்தன மணி நேரம் மிஞ்சும்?

ஷெட்யூல்ல மதியம் 12 டு ராத்திரி 8ன்னு போட்டிருந்தா எட்டு மணி நேரம் சுத்தலாம்னு தோணும். அது கப்பலோட நேரம், உங்க நேரம் இல்ல. ஒரு தாள எடுத்து என்கூடவே கழிச்சுப் பாருங்க, இது உதாரணத்துக்குத்தான், உங்க கப்பல் நேரத்தப் போட்டுக்கங்க. 12க்கு வந்தாலும் அந்த ஊர் அதிகாரிங்க கிளியர் பண்ணாத்தான் இறங்க விடுவாங்க, அதுக்கப்புறம் டோக்கன் வாங்கி டெண்டர் க்யூ, கால் மண்ணுல படறப்ப ஒன்றரை ஆயிரும். 8க்கு கெளம்பற கப்பலுக்கு ஆல் அபோர்டு டைம்னு, அதாவது எல்லாரும் கப்பல்ல திரும்பி ஏறியிருக்க வேண்டிய நேரம்னு ஒண்ணு போடுவாங்க, 7ன்னு வச்சுக்கங்க, கடைசி டெண்டர் 6.30. கடைசி டெண்டர நம்பிப் போகக் கூடாது, அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி 5.30க்கு போட் ஏறற ஜெட்டில நிக்கணும். ஆக எட்டு மணி நேரம் நாலாயிருச்சு.

இந்த நாலுல போகற எடத்துக்குப் போக வர எவ்ளோன்னு கழிங்க. போக வர்றதுக்கே பாதி நேரத்துக்கு மேல போகுதுன்னா அந்த எடம் வேணாம், பக்கத்துலயே ஏதாவது பாருங்க. இது நான் வச்சிருக்கற அளவு, இதுவரைக்கும் கை குடுத்திருக்கு. நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புதுசா என்ன, கோடை விழா சமயம் ஞாயித்துக்கிழமை ஏற்காடு போனவங்களக் கேளுங்க, முப்பது கிலோமீட்டர்தான், ஆனா இருபது ஹேர்பின் பெண்டுல ஏதோ ஒண்ணுல ஒரு வேன் நின்னு போச்சுன்னா மொத்த மலையும் நின்னுரும். தீவுலயும் ரோடு கொஞ்சந்தான், ஒரே நாள்ல கப்பல்ல வந்த ஆயிரக்கணக்கான பேரும் அதே ரோட்டுலதான் போவாங்க.

இந்தக் கணக்குலதான் நாங்க பினாங்கு ஹில்ங்கற மலைக்குப் போறத விட்டோம். 1923ல இருந்து ஓடற மலை ரயில், பையனுக்கு ரொம்ப ஆசை. ஆனா அது ஊருக்குள்ள இல்ல, தள்ளி ஆயர் இத்தாம்ல இருக்கு, ரயிலுக்கு க்யூ வேற. மலை உயரம் 830 மீட்டர் சொச்சம், ஏற்காடு அதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல, குளுகுளுன்னு மலை பாக்க நமக்கு ஊர்லயே இருக்கு தங்கம்னு சமாதானம் சொல்லி, நடந்தே லிட்டில் இந்தியா போனோம். குயின் ஸ்ட்ரீட்ல 1833ல கட்டுன மாரியம்மன் கோயில் இருக்கு. அம்மா அந்தக் கோபுரத்தக் கண்டதும் செருப்ப விட்டுட்டு நின்னவங்க பத்து நிமிஷம் நகரவே இல்ல, "நம்ம ஊர் கோட்டை மாரியம்மாவ விட்டுட்டு வந்தோம்னு நெனச்சேன், இங்கயும் வந்து நிக்கிறாளே"ன்னு கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. ஜார்ஜ் டவுனே 2008ல யுனெஸ்கோ பாரம்பரிய லிஸ்ட்ல வந்த ஊர், சும்மா நடந்தாலே போதும். பினாங்குல முடிஞ்சவங்க எல்லாரும் இறங்குங்க, இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல.

ஸ்டெப் 3: மணி எந்த மணி?

இத தயவு செஞ்சு ரெண்டு தடவ படிங்க. சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே மணி. தாய்லாந்து அதவிட ஒரு மணி நேரம் பின்னாடி. நெறைய கப்பல் புக்கெட்ல நின்னாலும் சிங்கப்பூர் மணியவே வச்சுக்கும், ஆனா உங்க போன் தாய்லாந்து டவர புடிச்ச உடனே தானா ஒரு மணி நேரம் பின்னாடி போயிரும். எங்களுக்கு இதுதான் நடந்துச்சு. பட்டோங்ல இருந்து மலை ஏறி இறங்கி பழைய புக்கெட் டவுனுக்குப் போயிட்டு, திரும்பறப்ப ஒரு கடையில நின்னு சட்டை பாத்துட்டு இருக்கோம், என் போன்ல மணி நாலு பத்து. பையன் கையில சாதா வாட்ச், கப்பல் ஏறுனப்ப அவனே திருப்பி வச்சது, "அம்மா அஞ்சு பத்து ஆச்சும்மா"ங்கறான். அவன் வாட்ச்தான் தப்புன்னு மொதல்ல சொன்னேன், அப்புறம் சட்டுன்னு புரிஞ்சு வயித்தக் கலக்கிருச்சு. அவருக்கும் எனக்கும் பேச்சே வரல, கெடச்ச டாக்ஸில ஏறுனோம், பீச் கிட்ட ட்ராஃபிக், கடைசி அரை கிலோமீட்டர் மணல்ல செருப்பக் கையில எடுத்துட்டு ஓடுனோம். டெண்டர் கயிற அவுக்கறதுக்கு முன்னாடி ஏறிட்டோம். அந்த பயம் ராத்திரி படுக்கறப்ப கூட போகல.

அதனால போன் செட்டிங்ஸ்ல தானா மணி மாறறத ஆஃப் பண்ணிருங்க, இல்ல சாதா வாட்ச் ஒண்ணு கட்டிக்கங்க. இறங்கறதுக்கு முன்னாடி கேங்வேல எழுதி வச்சிருக்கற ஆல் அபோர்டு டைம போட்டோ எடுத்துட்டு, அங்க இருக்கற ஆள்கிட்ட "இது ஷிப் டைமா, லோக்கல் டைமா"ன்னு வாய் விட்டுக் கேளுங்க.

ஸ்டெப் 4: யாரால முடியும்?

டெண்டர்ல ஏறறது எப்படி இருக்கும்னா, கப்பலோட கீழ் தளத்துல ஒரு கதவத் திறந்து வச்சிருப்பாங்க, வெளிய போட் மேலயும் கீழயுமா ஆடிட்டு இருக்கும். போட் மேல வர்ற அந்த நொடி பாத்து ஒரு எட்டு வைக்கணும். ரெண்டு பக்கமும் ஆள் நின்னு முழங்கையப் புடிச்சுக்குவாங்க, ஆனா காலத் தூக்கி வைக்கறது நாமதான். வீல்சேர்ல இருக்கறவங்கள அலை இருந்தா பல கப்பல்ல விட மாட்டாங்க.

இதுக்கு வீட்டுலயே ஒரு டெஸ்ட் இருக்கு. டவுன் பஸ் படியில கம்பியப் புடிக்காம ஒரே எட்டுல ஏறி இறங்க முடியுதா பாருங்க. அப்புறம் ஏற்காடு மலை ஏறறப்ப எலுமிச்சம்பழம் மோந்துட்டே வர்றவங்க யாருன்னு யோசிங்க, அவங்களுக்குப் பெரிய கப்பல் ஒண்ணும் பண்ணாது, ஆனா டெண்டர்ல தல சுத்தும். மாத்திர போடறதா இருந்தா ஊர்லயே டாக்டரக் கேட்டு வாங்கிக்கங்க, பிபி சுகர் மாத்திர சாப்புடறவங்க கண்டிப்பா கேக்கணும்.

ஸ்டெப் 5: எந்த மாசம்?

புக்கெட்டோட மேற்குக் கரைக்கு மே டு அக்டோபர் தென்மேற்குப் பருவமழை, அப்ப அலை பெருசா இருக்கும், டெண்டர் விட முடியாதுன்னு கேப்டன் முடிவு பண்ணுனா அந்த ஸ்டாப்பே கேன்சல்தான். பீச்ல சிவப்புக் கொடி நட்டிருந்தா முட்டி அளவு தண்ணில கூட இறங்கக் கூடாது, இழுத்துட்டுப் போற நீரோட்டம் கரையில இருந்து பாத்தா தெரியாது. நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் கடல் பொதுவா அமைதி. நம்ம ஆளுங்க ஸ்கூல் லீவு பாத்து மே மாசம் கெளம்புவாங்க, அப்படின்னா புக்கெட் இறங்கறத நிச்சயம்னு நெனச்சு வெளிய முன்பணம் கட்டாதீங்க.

ஸ்டெப் 6: டூர் யார்கிட்ட?

கப்பல்ல விக்கற டூர் விலை அதிகம். ஆனா அந்த பஸ் லேட்டானா பொதுவா கப்பல் காத்திருக்கும், இல்லைன்னா அடுத்த ஊருக்கு அவங்களே கொண்டு போய் சேப்பாங்க. தனியா போனவங்களுக்குக் காத்திருக்காது, அடுத்த ஊருக்குப் போற டிக்கெட் நம்ம காசு. ஸ்பீட் போட்ல வேற தீவுக்குப் போற பிளான் இருந்தா கப்பல் டூர்ல மட்டும் போங்க. பியர்ல இருந்து நடக்கற தூரம்னா டூரே வேணாம். புக்கெட்ல டுக்டுக்னு ஓடறது நம்ம ஆட்டோ மாதிரி இல்ல, சின்ன சிவப்பு வேன், ஏறறதுக்கு முன்னாடியே போக வர சேத்து ரேட் பேசிருங்க.

பேப்பர் விஷயம் சுருக்கமா: சிங்கப்பூர் விசா மல்டிபிள் என்ட்ரியான்னு பாருங்க, கப்பல் திரும்பி வர்றது ரெண்டாவது என்ட்ரி. நீங்க இறங்கலைன்னாலும் மலேசியா, தாய்லாந்து ரூல் உங்களுக்கும் பொருந்தலாம், அது அடிக்கடி மாறுது, கெளம்பற வாரம் மறுபடி கேளுங்க. இறங்கறப்ப கேபின் கார்டு, பாஸ்போர்ட் ஜெராக்ஸ், அந்த ஊர்ல கப்பல் கம்பெனிக்காக வேல பாக்கற துறைமுக ஏஜென்ட் நம்பர், கொஞ்சம் அந்த ஊர்க் காசு. கப்பல் பஃபேல இருந்து பழம் எடுத்துட்டு இறங்காதீங்க.

ஸ்டெப் 7: இறங்கலைன்னா?

எங்கம்மா புக்கெட்ல இறங்கல. முந்துன நாளே "நான் இருக்கேன், நீங்க போங்க"ன்னுட்டாங்க, எனக்குத்தான் மனசு கேக்காம ரெண்டு தடவ கூப்புட்டேன். அன்னிக்கி கப்பல் காலியா இருக்கும், மத்த நாள்ல எடமே கெடைக்காத சேர் எல்லாம் சும்மா கெடக்கும், லிஃப்டுக்கு நிக்க வேணாம். நாங்க வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தப்ப மேல் டெக்ல நெழல்ல உக்காந்து, கொண்டு போன தட்டுவடைய பிளேட்ல வச்சுக்கிட்டு கரையையே பாத்துட்டு இருந்தாங்க. "அந்த மலையப் பாரு, நம்ம வீட்டு மாடில இருந்து பாத்தா சேர்வராயன் மலை தெரியுமே, அதே மாதிரி நீலமா, மேகம் வந்து வந்து போகுது, காலைல இருந்து பாக்கறேன் சலிக்கவே இல்ல"ன்னாங்க. அந்த மூஞ்சியப் பாத்தப்புறம் இறங்காதவங்களுக்குக் காசு வீணுன்னு யார் சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன். இருக்கறவங்க கிட்ட நீங்க எத்தன மணிக்கு வருவீங்கன்னு ஷிப் டைம்ல சொல்லிட்டுப் போங்க, அம்மா மாத்திரைய பையில எடுத்துட்டுப் போயிராதீங்க.

அக்கா தாள்ல கடைசியா இப்படி எழுதுனோம்: பினாங்கு, இறங்கறேன், கோயில் மட்டும், ரெண்டு மணி நேரம். புக்கெட், காலைல கீழ் தளத்துக்குப் போய் போட் ஆடறத அஞ்சு நிமிஷம் நின்னு பாத்துட்டு முடிவு. மடிச்சு பர்ஸ்ல வச்சுக்கிட்டு, "உங்க வீட்டுல பழைய வாட்ச் ஏதாச்சும் சும்மா கெடக்குதா கண்ணு"ன்னு கேட்டாங்க. பையன் ஓடிப் போய் அவன் வாட்ச எடுத்துட்டு வந்து குடுத்தான்.