மார்மன் சர்ச்சும் ஒரே பாலின உறவும்: இந்த வரலாறை எப்படிப் படிக்கணும்

மார்மன் சர்ச்ங்கறது ஜோசப் ஸ்மித் அமெரிக்காவுல ஆரம்பிச்ச கிறிஸ்தவ சபை. ஒரே பாலின உறவு விஷயத்துல "சர்ச் ரொம்ப மாறிடுச்சு"ன்னு ஒருத்தர் சொல்வாங்க, "ஒண்ணுமே மாறல"ன்னு இன்னொருத்தர் அடிச்சுச் சொல்வாங்க, ரெண்டு பேர் கையிலயும் ஆதாரம் இருக்கும். குழம்பாம படிக்கணும்னா ஒரு நோட்டுல மூணு கேள்வி எழுதி வச்சுக்கோங்க. அந்த உறவு பாவமா? அந்த ஈர்ப்பு எங்கேர்ந்து வருது, அதை மாத்த முடியுமா? நாட்டுச் சட்டம் என்ன சொல்லணும்? எந்த வருஷத்துப் பேச்சு கிடைச்சாலும் இதுல எதுக்குப் பதில்னு பாத்து அதுக்குக் கீழ போடுங்க. முதல் கேள்விக்கு யூட்டா மாநிலத்துல சால்ட் லேக் சிட்டில இருக்கிற சர்ச் தலைமையோட பதில் அசையவே இல்ல, ரெண்டாவது தலைகீழா மாறியிருக்கு, மூணாவது முன்னயும் பின்னயும் போயிட்டே இருக்கு.

19ஆம் நூற்றாண்டைப் படிக்கும்போது நிதானமா இருங்க. ஆம்பளைங்க ஒரே கட்டில்ல படுக்குறதும், நண்பனுக்கு உருகி உருகி லெட்டர் எழுதுறதும் அப்போ அமெரிக்காவுல சகஜம், அத வச்சு மட்டும் முடிவு கட்டிடாதீங்க. அந்தக் காலத்துத் தலைவர்கள் பின்னாடி வந்தவங்களை விட இதுல மென்மையா இருந்தாங்கன்னு மைக்கேல் குவின்ங்கற மார்மன் வரலாற்று ஆய்வாளர் 1996ல ஒரு புத்தகத்துல வாதாடினார், மத்த மார்மன் ஆய்வாளர்கள் சிலர் கடுமையா மறுத்தாங்க, ரெண்டு பக்கமும் படிங்க. அவரை சர்ச்சை விட்டு நீக்கினது 1993ல, அந்தப் புத்தகத்துக்கு முன்னாடியே.

நேரத்தை அதிகமா ஒதுக்க வேண்டியது 1950லேர்ந்து 80 வரைக்கும். சர்ச்சோட மூத்த தலைவர்கள்ல ஒருத்தரான ஸ்பென்சர் கிம்பல் 1969ல எழுதின புத்தகம், முயற்சியும் ஜெபமும் இருந்தா இது குணமாகும்னு சொல்லுது, அவரே 1973ல சர்ச்சோட தலைவரானார். சர்ச் நடத்துற ப்ரிகாம் யங் யுனிவர்சிட்டில 70கள்ல ஆம்பளைங்க படத்தைக் காட்டி கரண்ட் ஷாக் கொடுத்து ஈர்ப்பை விரட்டப் பாத்தாங்க, 1976ல அங்க ஒரு ஆய்வேடே இத வச்சு வந்துச்சு. இந்தப் பக்கங்களை வேகமா புரட்டாதீங்க ப்ளீஸ், அது ஒவ்வொரு பையனோட உடம்புல நடந்தது. கல்யாணம் பண்ணா சரியாகிடும்னு நம்பி பண்ணிக்கிட்டவங்களும் இருக்காங்க, கல்யாணத்தை மருந்தா பாக்கக் கூடாதுன்னு சர்ச் தலைமையில இருந்த கார்டன் ஹிங்க்லி சர்ச் மாநாட்டுல சொன்னது 1987ல தான், அதுக்குள்ள எத்தனை கணவன், எத்தனை மனைவின்னு யோசிச்சுப் பாருங்க. அவங்க குரலும் வேணும், அதனால தலைவர்கள் பேச்சோட 1977ல ஆரம்பிச்ச அஃபர்மேஷன் மாதிரி கே மார்மன் அமைப்புகள்ல இருக்கிறவங்க சொந்தக் கதையையும் சேத்துப் படிங்க.

அதுக்கப்புறம் தேதி வாரியா போங்க, இல்லாட்டி தலை சுத்தும். 1995ல, கல்யாணம்னா ஆணுக்கும் பெண்ணுக்கும் தான்னு சொல்ற சர்ச்சோட குடும்பப் பிரகடனம் வந்துச்சு. 2008ல கலிபோர்னியால ஒரே பாலினத் திருமணத்தைத் தடுத்த ப்ரொபசிஷன் 8ங்கற மக்கள் வாக்கெடுப்புக்கு ஆதரவா சர்ச் முழுசா இறங்கி வேலை பாத்துச்சு, அடுத்த வருஷமே சால்ட் லேக் சிட்டில வீடு, வேலை விஷயத்துல பாகுபாடு கூடாதுங்கற சட்டத்தை ஆதரிச்சுச்சு. 2012ல இந்த ஈர்ப்பை யாரும் தேர்ந்தெடுக்கிறதில்லன்னு சர்ச்சே சொல்லிடுச்சு. 2015 மார்ச்ல யூட்டா முழுக்கவே பாகுபாடு தடைச் சட்டம் வர சர்ச் கை கொடுத்துச்சு, அதே வருஷம் நவம்பர்ல ஒரே பாலினத் திருமணம் செஞ்சவங்க மதத்தை விட்டுப் போனவங்க, அவங்க பிள்ளைங்களுக்கு 18 வயசு வரைக்கும் ஞானஸ்நானம் கிடையாதுன்னு விதி வந்துச்சு. அதை வெளிப்பாடு, அதாவது கடவுளே தெரியப்படுத்தினதுன்னு மூத்த தலைவர் ரஸ்ஸல் நெல்சன் 2016ல சொன்னார், 2019 ஏப்ரல்ல அவர் சர்ச்சோட தலைவரா இருக்கும்போதே அந்த விதி போயிடுச்சு.

இன்னொண்ணு, விதிப் புத்தகத்துல ஒரு வரி காணாம போனா உடனே நம்பிடாதீங்க. 2020 பிப்ரவரில ப்ரிகாம் யங் யுனிவர்சிட்டி நடத்தை விதியிலேர்ந்து ஓரினச் சேர்க்கை பத்தின பகுதியை எடுத்தாங்க, ஸ்டூடண்ட்ஸ் சந்தோஷத்துல வெளிப்படையா வந்தாங்க, மார்ச் 4ஆம் தேதி வந்த கடிதம் அந்த மாதிரி காதல் இன்னும் அனுமதி இல்லன்னு சொல்லிடுச்சு. ஜோசப் ஸ்மித் வழியிலேயே வந்த இன்னொரு சபையான கம்யூனிட்டி ஆஃப் கிறைஸ்ட் 2013ல அமெரிக்காவுல ஒரே பாலினத் திருமணத்தை ஏத்துக்கிட்டாங்க, அதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, முதல் கேள்விக்கு வேற பதில் சொன்னவங்க அவங்க தான்.