படகே வீடு: பிரெஞ்சுக் கால்வாய்களில் தம்பதியாகப் பயணம் போக ரீயூனியன்காரர்களுக்கு ஒரு செய்முறை

நம் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் படகு விடுவதற்கென்று ஓர் ஆறு கிடையாது. மழை பெய்தால் பாறையை உருட்டிக்கொண்டு வரும், மழை விட்டால் வெறும் கல்லும் மணலும். அதனால் படகு என்றாலே நமக்கு சான்-ழில் துறைமுகமும் கடலும்தான் ஞாபகம் வரும். ஆனால் நம் கையில் இருப்பது பிரெஞ்சு அடையாள அட்டை. விமானத்தில் பதினொரு மணி நேரம் உட்கார்ந்தால், வி.என்.எஃப். என்ற அரசு நிறுவனம் மட்டுமே பராமரிக்கும் 6,700 கிலோமீட்டர் ஆறும் கால்வாயும் பிரான்சில் காத்திருக்கின்றன. விசா வேண்டாம், பணம் மாற்ற வேண்டாம், மருத்துவ அட்டையும் செல்லும். (மொரீஷியஸ் சொந்தக்காரர்கள் கவனிக்க: நீங்கள் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம்.)

காலமும் நமக்குத் தோதாக அமைந்திருக்கிறது. இங்கே புயல் பருவம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. அங்கே பல கால்வாய்களைக் குளிர்காலத்தில் மூடிப் பழுதுபார்ப்பார்கள். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான் பயணக்காலம். நானும் வீட்டுக்காரரும் பணி ஓய்வுக்குப் பிறகு கோடையில் படகிலும் மீதி மாதங்கள் இங்கே சான்-ஆந்த்ரேயிலுமாக இருக்கிறோம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்ன வரிசையில் என்ன செய்யலாம் என்று கேட்கிறவர்களுக்காக இது.

படி 1: முதலில் வாடகைப் படகு

எடுத்த எடுப்பில் படகு வாங்க வேண்டாம். ஒரு வாரமோ இரண்டு வாரமோ வாடகைக்கு எடுங்கள். பிரான்சில் வாடகைப் படகுக்கு ஓட்டுநர் அனுமதி தேவையில்லை. நிறுவனத்துக்காரர்களே பாடம் எடுத்து, கொஞ்சம் ஓட்டிக் காட்டச் சொல்லி, அந்தப் பயணத்துக்கு மட்டும் செல்லும் ஓர் அட்டையைத் தருவார்கள்.

தொடங்க நல்ல இடம் கனால் து மிதி என்ற கால்வாய். துலூஸிலிருந்து தோ உப்பேரி வரை 240 கிலோமீட்டர். பியேர்-போல் ரிக்கே என்ற வரி வசூல் அதிகாரி 1666இல் தொடங்கியது, 1681இல் திறக்கப்பட்டது. அவர் திறப்பு விழாவுக்குச் சில மாதம் முன்பே இறந்துபோனார், பாவம். 1996இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பெசியே ஊரில் படிக்கட்டாக அடுக்கிய நீர்ப்பூட்டுகளை (படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகளை) ஒருமுறை ஏறி இறங்கினால் போதும், இந்த வாழ்க்கை உங்கள் இருவருக்கும் ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். யாராவது ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். நான்கடி அகலச் சமையலறையில் ஆறு மாதம் ஒருவரை இழுத்துக்கொண்டு போக முடியாது.

மிதியில் கரையோர மரங்களில் கயிறு கட்டக் கூடாது. அங்குள்ள பிளாட்டான் மரங்களைப் பூஞ்சை நோய் ஒன்று அரித்துவருகிறது. 2006இல் கால்வாய்க் கரையில் கண்டுபிடித்ததிலிருந்து ஆயிரக்கணக்கில் வெட்டியாயிற்று. பட்டையில் கயிறு உரசிய காயம் போதும் அது உள்ளே நுழைய. படகில் இரண்டு இரும்பு முளைகளும் ஒரு சுத்தியலும் இருக்கும். கரையில் அடித்துக் கட்டுங்கள்.

படி 2: அனுமதி

பிடித்துவிட்டது, சொந்தப் படகு வாங்கப்போகிறோம் என்றால், இன்ஜின் 4.5 கிலோவாட்டுக்கு, அதாவது 6 குதிரைத்திறனுக்கு மேல் இருந்தால் அனுமதி கட்டாயம். கடலோரத்துக்கு ஒன்று, உள்நாட்டு நீர்வழிக்கு ஒன்று என்று இரண்டு வகை உண்டு. இங்கே மீன்பிடிக்கப் போகிறவர்கள் பலரிடம் கடலோர அனுமதி இருக்கும். அது கால்வாய்க்குச் செல்லாது. 20 மீட்டருக்குக் குறைவான படகுக்கு உள்நாட்டு நீர்வழிச் சாதாரண அனுமதி போதும்.

இருவருமே எடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வீட்டில் கார் ஓட்டுகிறவர்தான் படகும் ஓட்டுவார், மற்றவர் கயிறு பிடிப்பார் என்று பெரும்பாலான தம்பதிகள் தொடங்குகிறார்கள். ஓட்டுகிறவருக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தால் படகை யார் நகர்த்துவது?

படி 3: படகு

சோன் ஆற்றங்கரையில் சான்-ழான்-த-லோன் என்று ஒரு சின்ன ஊர். பூர்கோஞ் கால்வாய் அங்கேதான் ஆற்றோடு சேர்கிறது. பழைய படகு வாங்க விற்க எல்லோரும் போகும் இடம் அது. பத்து, பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள ஹாலந்து நாட்டு இரும்புப் படகு இருவருக்குத் தாராளம்.

பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, அடித்தகட்டின் கனத்தை அல்ட்ராசவுண்டு கருவியால் அளந்து அறிக்கை தரும் நிபுணரை வைத்துப் பாருங்கள். காப்பீட்டுக்காரர்களும் அதைத்தான் கேட்பார்கள். துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ள அடியில் பொருத்தும் உலோகக் கட்டி நன்னீருக்கு மக்னீசியமாக இருக்க வேண்டும். கடலில் ஓடிய படகு என்றால் துத்தநாகம் போட்டிருப்பார்கள், மாற்றிவிடுங்கள். காஸ் அடுப்பு இருப்பதால் காஸ் கசிவுக்கு ஒன்று, கார்பன் மோனாக்சைடுக்கு ஒன்று என இரண்டு அலாரமும் வேண்டும்.

அகலமும் உயரமும் முக்கியம். 1879இல் அமைச்சர் ஃப்ரேசினே நிர்ணயித்த அளவில் கட்டிய நீர்ப்பூட்டுகள் 39 மீட்டர் நீளம், 5.2 மீட்டர் அகலம். அங்கே நம் படகு தாராளமாக நுழையும். உயரம்தான் உதைக்கும். மிதியின் பழைய பாலங்கள் வளைவானவை, நடுவில் இடம் இருந்தாலும் ஓரத்தில் இருக்காது. மேல்கூரையில் சூரியத் தகடு மாட்டுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

அப்புறம் வி.என்.எஃப். கட்டணம். படகின் அளவையும் எத்தனை காலம் ஓட்டப்போகிறீர்கள் என்பதையும் வைத்து, நாளுக்கு, வாரத்துக்கு, மாதத்துக்கு, வருஷத்துக்கு என்று இணையத்திலேயே கட்டலாம்.

படி 4: கிலோமீட்டரை விடுங்கள், எக்லூஸை எண்ணுங்கள்

எக்லூஸ் என்று எல்லோரும் சொல்லும் நீர்ப்பூட்டு, முன்னும் பின்னும் கதவு வைத்த ஒரு நீளத்தொட்டி. படகை உள்ளே விட்டு, கதவை மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும். பயண நேரத்தைத் தின்பது இதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பூர்கோஞ் கால்வாய் 242 கிலோமீட்டர், 189 எக்லூஸ். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டம் மட்டும் 40 மணி நேரம். ஒரு எக்லூஸுக்கு 15 முதல் 20 நிமிடம் என்றால் அதற்கு மட்டும் 47 முதல் 63 மணி நேரம். மொத்தம் கிட்டத்தட்ட 90, 100 மணி. நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓட்டினால் மூன்று வாரம் ஆகும். காரில் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும் தூரம் இது! அவசரப்படுகிறவர்கள் ரயிலில் போகலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு எக்லூஸ் மூடும் இடங்கள் பல. மே 1 விடுமுறை. வருஷா வருஷம் எந்தக் கால்வாய் எப்போது மூடியிருக்கும் என்று வி.என்.எஃப். பட்டியல் வெளியிடும், விமான டிக்கெட் எடுக்கும் முன் அதைப் படியுங்கள். மழை குறைந்த கோடையில் தண்ணீர் பற்றாமல் பூர்கோஞ் பக்கம் மூடுவதும் நடக்கிறது, ஆகவே பட்டியலில் இல்லையென்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

முதல் வருஷத்துக்கு என் சிபாரிசு: சான்-ழான்-த-லோனில் கிளம்பி, தீஜோன் வழியாகப் பூர்கோஞ் கால்வாயில் ஏறி, மிஷென்னில் யோன் ஆற்றில் இறங்கி, சேன் ஆறு பிடித்துப் பாரிஸ். உச்சியில் பூயி ஊருக்கு அடியில் 3,333 மீட்டர் சுரங்கம் இருக்கிறது. ஒருவழிதான், விளக்கும் உயிர்காப்பு உடுப்பும் கட்டாயம். யோன் ஆற்றின் சில எக்லூஸ்களுக்குச் சுவர் சாய்வாக இருக்கும். தண்ணீர் இறங்கும்போது படகு சரிவில் உட்கார்ந்துவிடாமல் தள்ளிப் பிடிக்க வேண்டும். ரோன் ஆறு வேண்டாம், இரண்டாம் வருஷம் பார்த்துக்கொள்ளலாம். அந்த நீரோட்டமும் மிஸ்த்ரால் காற்றும், போலெனில் 23 மீட்டர் ஆழக் கிணறு போன்ற எக்லூஸும் புதியவர்களுக்கானவை அல்ல.

படி 5: எக்லூஸுக்குள்

இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

தூரத்தில் விளக்கு தெரியும். சிவப்பு என்றால் காத்திருங்கள். சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் உங்களுக்காகத் தயாராகிறது. பச்சை வந்தால் போகலாம். இரண்டு சிவப்பு என்றால் பழுது. கரையில் கட்டிவிட்டுத் தேநீர் போடுங்கள். தானியங்கி எக்லூஸ் சிலவற்றில் தண்ணீருக்கு மேலே ஒரு குழாய் தொங்கும். மெதுவாகப் போய் அதைக் கால்வட்டம் திருப்பினால் உங்கள் வரவு பதிவாகும். உள்ளே போய்க் கட்டியதும் சுவரில் ஒரு நீலக் கம்பியும் ஒரு சிவப்புக் கம்பியும் இருக்கும். நீலத்தை மேலே தூக்கினால் கதவு மூடி வேலை தொடங்கும். சிவப்பு ஆபத்துக்கு மட்டும், எல்லாம் நின்றுவிடும். நீலம் என்று நினைத்துச் சிவப்பை இழுத்தால், ஆள் வந்து சரிசெய்யும்வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

மேலே ஏறும்போது: படகு பள்ளத்தில் நிற்கும், கயிறு மாட்டக் கரையிலுள்ள இரும்புக் குமிழ் தலைக்கு மேலே. மிதியில் எக்லூஸுக்கு முன்பே ஒருவரைக் கரையில் இறக்கிவிடுவார்கள். அவர் மேலே நடந்துபோய், கீழிருந்து எறியும் கயிற்றைக் குமிழில் ஒரு சுற்றுப் போட்டு நுனியைத் திரும்பப் படகுக்கே கொடுப்பார். தண்ணீர் முன்பக்கத்திலிருந்து கொதித்துக்கொண்டு வரும். படகை அந்தக் கொந்தளிப்புக்குத் தள்ளி, பின்னால் நிறுத்துங்கள். மட்டம் ஏற ஏறத் தொய்யும் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கீழே இறங்குவது அமைதியாக இருக்கும், ஆபத்து அதில்தான். இரண்டு விஷயம். ஒன்று, கயிற்றை ஒருபோதும் முடிச்சுப் போடக் கூடாது. குமிழைச் சுற்றி நுனி கையில் இருக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். கயிறு சிக்கினால் தண்ணீர் இறங்கிவிடும், படகு ஒரு பக்கமாகத் தொங்கும், பத்து டன் எடை ஒரு கயிற்றில். "ஏங்க, கயிற்றை விடுங்க!" என்று கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எட்டும் இடத்தில் ஒரு கத்தி செருகி வையுங்கள். இரண்டு, மேல்கதவுக்கு அடியில் ஒரு கல்திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். தொடக்கத்தில் தண்ணீருக்குள் மறைந்திருக்கும். அது எதுவரை வருகிறது என்று சுவரில் கோடு போட்டிருப்பார்கள். படகின் பின்பக்கம் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்கட்டும். இல்லாவிட்டால் பின்பக்கம் திட்டில் உட்கார்ந்துகொள்ள, முன்பக்கம் தண்ணீரில் மூழ்கும்.

கையைக் குமிழுக்கும் கயிற்றுக்கும் நடுவில் வைக்காதீர்கள். கையுறை போடுங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள். தாலிச்சங்கிலியைச் சட்டைக்குள் விட்டுப் பொத்தான் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஜின் சத்தத்தில் பேச்சு கேட்காது. கத்திப் பேசினால் சண்டைதான் வரும். கிளம்பும் முன்பே கைச்சைகைகளைப் பேசி வையுங்கள்: நில், முன்னே, பின்னே, கயிறு மாட்டியாயிற்று. நான்கு போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் சுக்கானையும் கயிற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள். கயிறு பிடித்துப் பார்த்தவர் சுக்கானில் நிற்கும்போது அவசரப்பட மாட்டார்.

பூர்கோஞ்சில் கையால் இயக்கும் எக்லூஸ்கள் நிறைய. ஊழியர் வண்டியில் கூடவே வந்து ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போவார். மறுநாள் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், சொன்ன நேரத்துக்கு நிற்கவும் வேண்டும். நாங்கள் சமோசா போட்டால் அவருக்கும் ஒரு தட்டு போகும்.

படி 6: தண்ணீர், கரண்ட், சோறு

தண்ணீர்க் குழாய் கண்ட இடமெல்லாம் டேங்கை நிரப்புங்கள். ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும்; மிக்ஸியை இன்ஜின் ஓடும்போது போடுவது நல்லது. அரிசிக்குப் பிரஷர் குக்கர் கொண்டுபோங்கள், காஸ் மிச்சம். கறிவேப்பிலை, முருங்கைக்கீரையைப் பெட்டியில் திணிக்க வேண்டாம். செடி, இலை, பழத்துக்குப் பயிர்ப்பாதுகாப்புக் கட்டுப்பாடு உண்டு. மசாலாத்தூளும் ஊறுகாயும் போதும்.

மற்றதெல்லாம் பாரிஸில். சேன் ஆற்றிலிருந்து ஆர்செனால் துறைமுகம் வழியாக சான்-மார்த்தென் கால்வாயில் ஏறினால் வில்லெத் நீர்த்தேக்கம் வரை போகலாம். அங்கிருந்து லா ஷாப்பெல் நடக்கும் தூரம். ஈழத்தமிழர் கடைகளில் கறிவேப்பிலை, இடியாப்ப மாவு, வாழையிலை எல்லாம் கிடைக்கும். ஆகஸ்ட் கடைசியை ஒட்டி அங்கே மாணிக்க விநாயகர் கோயில் தேர் வீதிக்கு வரும். தேங்காய் உடைத்து ரோடே நனைந்திருக்கும். அந்தச் சமயம் சேர்கிற மாதிரி பூர்கோஞ்சை ஜூலையிலேயே முடித்துவிடுங்கள். ஆர்செனாலில் இடம் முன்கூட்டியே பதிய வேண்டும்.

படி 7: குளிருக்கு மூடி வைப்பது

ரீயூனியன்காரர்களுக்கு இதுதான் புதுசு. நம் தீவின் மேட்டுப்பகுதியான பிளேன்-தே-காஃபிர் பக்கம் ஜூலையில் உறைபனி பார்த்தவர்களைத் தவிர மற்றவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் உறைந்து வெடிக்கும் என்று தோன்றாது. அக்டோபர் கடைசியில் துறைமுகத்தில் கட்டியதும் டேங்க், வெந்நீர்க் கலம், பம்ப், கழிப்பறை, எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். எல்லாக் குழாய்களையும் பாதி திறந்தே வையுங்கள், மிச்சமிருக்கும் சொட்டு விரிய இடம் வேண்டும். இன்ஜினின் குளிர்நீர்ச் சுற்றுக்கு உறைதடுப்புத் திரவம் ஊற்றுங்கள். டீசல் டேங்க் நிரம்பியிருக்கட்டும், காலி இடத்தில் ஈரம் கோத்துக்கொள்ளும். மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். அரிசி, பருப்பு ஒரு மணிகூட விடாதீர்கள், எலி வரும். சாவி ஒன்று துறைமுக அலுவலகத்தில் இருக்கட்டும்.

ஏப்ரலில் திரும்பி வந்ததும் டேங்கைக் கிருமிநாசினி போட்டு அலசுங்கள். முதலில் நிரப்பும் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், மேல்தளம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.