கல்லாவில் ஒட்டிய க்யூஆர்: கிரிப்டோவில் கடைக்குப் பணம் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்பூரில் எனக்குத் தெரிந்த பாய் ஒருவர் தோல் பர்ஸ், பெல்ட் விற்கிறார். (2019-ல் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது, எங்கள் வாயில் இன்னும் வடஆற்காடுதான்.) பெங்களூருவிலிருந்து வரும் பையன்கள் சிலர் பிட்காயினில் தரட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். இவரும் போனில் ஒரு வாலட் (கிரிப்டோ வாங்கவும் அனுப்பவும் உதவும் செயலி) போட்டு, அதன் முகவரியை க்யூஆராகப் பிரிண்ட் எடுத்து, யுபிஐ ஸ்டிக்கருக்குப் பக்கத்திலேயே கல்லாக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார்.

நான் டீ குடித்துக்கொண்டே அதை ஸ்கேன் செய்து, பரிவர்த்தனைகளை யாரும் தேடிப் பார்க்கக்கூடிய பிளாக் எக்ஸ்ப்ளோரர் தளம் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். டீ ஆறுவதற்குள் பாயின் வரவு மொத்தமும் திரையில் வந்துவிட்டது. பதினோரு வரவுகள், எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று எல்லாம். "இன்னா சார் இது, ரகசியப் பணம்னு இல்ல சொன்னாங்க?" என்றார்.

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன. யுபிஐயில் பழகிய கை கிரிப்டோவிலும் அதையே செய்கிறது. யுபிஐயில் கணக்குப் புத்தகம் வங்கிக்குள் இருக்கிறது. கடை ஸ்பீக்கர் டப்பா தொகையை ஊருக்கே கத்தினாலும் அதோடு சரி. பிட்காயினின் பேரேடோ நடுத்தெருவில் விரித்துக் கிடக்கிறது. பெயர்தான் இல்லை, முகவரி எண் யாருடையது என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் அதன் பழைய கதை முழுவதும் கூடவே வரும். 2008-ல் வந்த பிட்காயின் அறிக்கையிலேயே, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிய சாவி ஜோடி, அதாவது புதிய முகவரி, வேண்டும் என்று அதை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ எழுதிவிட்டார். ஆக, கடைக்காரரின் முதல் தவறு நிரந்தர க்யூஆர்.

வாங்குபவர் செய்யும் பெரிய தவறு சில்லறையில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். உங்கள் வாலட்டில் 0.05 பிட்காயின் ஒரே துண்டாகக் கிடக்கிறது; பர்ஸ் விலை 0.0002. அந்தத் துண்டிலிருந்து பர்ஸ் விலையை மட்டும் கிள்ளிக் கொடுக்க முடியாது. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி மீதி வாங்குவதுபோல முழுத் துண்டும் போகும்; கட்டணம் போக மிச்சம் ஏறத்தாழ 0.0498 உங்களுடைய வேறொரு முகவரிக்குத் திரும்பும். பரிவர்த்தனையில் இரண்டு வரவுகள் தெரியும். ஒன்று தன்னுடையது என்று கடைக்காரருக்குத் தெரியும். அப்படியானால் மற்றது? எதிரே நிற்கும் உங்களுடையதுதான். வேலூர் லாங் பஜாரில் கொத்தமல்லிக்கட்டு வாங்க மடியிலிருந்து மொத்தக் கட்டையும் அவிழ்த்துக் காட்டியதுபோல ஆயிற்று. பிறகு அந்த மிச்சத்தை எங்கே செலவழித்தாலும் அவரால் பின்தொடரவும் முடியும்.

கடைச் செலவுக்கென்று தனி வாலட் வைத்து, சின்னத் தொகை மட்டும் அதில் போடுங்கள். ஆனால் பெரிய வாலட்டிலிருந்து நேரே மாற்றினால் பயன் குறைவு. ஒரு படி பின்னால் போனால் பழைய துண்டு தெரிந்துவிடும். கிரிப்டோ வாங்கி விற்க உதவும் எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்திலிருந்து சின்னதாக எடுத்தால், கடைக்காரர் கண்ணுக்குப் பெரும்பாலும் எக்ஸ்சேஞ்சின் பொது வாலட்தான் தெரியும். எக்ஸ்சேஞ்சுக்கு நீங்கள் யார் என்று தெரியுமே என்றால், ஆமாம், தெரியும். 2023 மார்ச் முதல் இந்தியாவில் அவை பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. யாரிடமிருந்து மறைக்கிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். என் கவலை கடைக்காரரும் வழிப்போக்கரும்தான்.

அப்புறம், மிஞ்சிய சில்லறைகளை எல்லாம் சேர்த்து ஒரே பரிவர்த்தனையில் அனுப்புவது. பல துண்டுகள் ஒன்றாகச் செலவானால் அவை ஒரே ஆளுடையவை என்றுதான் கண்காணிப்பவர்கள் முதலில் எடுத்துக்கொள்வார்கள். தனித்தனியாக வைத்திருந்த பாடெல்லாம் வீண்.

யுஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ) வைத்திருப்பவர்கள் சில்லறைத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். அங்கே நிலைமை இன்னும் மோசம். அது ஓடும் எத்தீரியம், டிரான் வலைப்பின்னல்களில் ஒரே முகவரிதான் கணக்கு. கொடுத்த மறுநிமிடம் மொத்த இருப்பையும் கடைக்காரர் பார்க்கலாம்.

பணம் அனுப்பியதும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் தட்டிவிடும் பழக்கம் நமக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. கிரிப்டோவில் அந்தப் படத்தில் பரிவர்த்தனை எண் இருக்கும். அதைப் பார்க்கும் யாருக்கும் உங்கள் போன் நம்பரும் முகவரியும் சேர்ந்து கிடைத்துவிடும். கடைக்காரரின் வாலட்டே வரவைக் காட்டும், ஸ்கிரீன்ஷாட் எதற்கு?

ஆன்லைனில் விற்பவர்களுக்கு இன்னொரு ஓட்டை உண்டு. பிட்காயின் வாங்கும் 130 இணையக் கடைகளை பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2017-ல் சோதித்தபோது, குறைந்தது 53 கடைகள் பணம் செலுத்தும் விவரத்தை விளம்பர, கண்காணிப்பு நிறுவனங்களுக்குக் கசியவிட்டன. பணம் கட்டும் பக்கத்தில் இப்படிக் கண்காணிக்கும் நிரல் (டிராக்கர்) எதுவும் இருக்கக் கூடாது. டெலிவரி விலாசத்தைத் தேவைக்கு மேல் வைத்திருப்பதும் ஆபத்து. லெட்ஜர் நிறுவனத்தின் வாலட் கருவி வாங்கிய சுமார் 2.7 லட்சம் பேரின் வீட்டு விலாசமும் போன் நம்பரும் 2020 டிசம்பரில் இணையத்தில் கொட்டப்பட்டன. கிரிப்டோ வைத்திருப்பவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பதைத் திருடனுக்கு எழுதிக் கொடுத்த மாதிரி.

இதையெல்லாம் வரியிலிருந்து ஒளிவதற்கான வழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிரிப்டோ இங்கே சட்டப்படியான நாணயம் அல்ல. அதைக் கொடுத்துப் பொருள் வாங்கினாலும் லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு, 1 சதவீத டிடிஎஸ் விதியும் இருக்கிறது. பில் எண்ணும் தொகையும் தேதியும் உங்கள் நோட்டில் இருக்கட்டும், ஆடிட்டரையும் கேட்டுவிடுங்கள்.

பாய் கடையில் பிடிசிபே சர்வர் என்ற இலவச மென்பொருளைப் பழைய லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தேன். பில்லுக்குப் பில் புது முகவரி தருகிறது. அதற்குக் கொடுக்க வேண்டியது எக்ஸ்பப் என்ற பொதுச் சாவி மட்டுமே. அதை வைத்துப் பணம் எடுக்க முடியாது, ஆனால் எல்லா முகவரிகளையும் பார்க்கலாம். அதனால் வெப்சைட் போடும் பையனுக்குக்கூட அனுப்பாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னேன்.

ஸ்டிக்கரைக் கிழித்த இடத்தில் பசைக்கறை இருக்கிறது. "பழசை அழிச்சிடலாமா சார்?" என்று கேட்டார். முடியாது பாய் என்றேன். அந்தப் பதினோரு வரவுகளும் அங்கேயேதான் இருக்கும்.